நாடு வளர்கிறது என்றால் என் பட்டறையில் ஏன் தெரியவில்லை?

வாசகர் கேள்வி: கோவை கணபதியில் பதினெட்டு ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். நான்கு பழைய லேத், கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு சி.என்.சி. இயந்திரம், ஐந்து தொழிலாளர்கள். மாதம் சராசரியாக இரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஜாப் ஆர்டர் செய்கிறேன். அதில் இரண்டு லட்சம் ஒரே பம்பு நிறுவனத்துக்கு. 2019-க்குப் பிறகு அவர்கள் கூலியை உயர்த்தவில்லை. பில் கொடுத்து 120 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. வங்கியில் 10 லட்சம் ஓவர்டிராஃப்டும், ஒரு நிதி நிறுவனத்தில் 19 சதவீத வட்டியில் 6 லட்சம் நிலுவையும் இருக்கின்றன. பொருளாதாரம் 8 சதவீதம் வளர்கிறது, இதுதான் சரியான நேரம் என்று சொல்லி, இன்னொரு சி.என்.சி. வாங்க 18 லட்சம் கடன் தருவதாக வங்கி மேலாளர் சொல்கிறார். ஒன்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் டர்னர் 16,000 ரூபாய் சம்பளத்தில் 3,000 கூட்டிக் கேட்கிறார். உண்மையிலேயே எங்களைப் போன்றவர்களுக்குப் பொருளாதாரம் முன்னேறுகிறதா? நான் கடன் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த மூன்று மாதக் கணக்கையும் பார்த்த பிறகே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டின் வளர்ச்சி கற்பனையானதன்று. கூலித் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு அதன் பலன் ஓரளவு சென்று சேர்ந்திருக்கிறது. ஆனால் உங்களைப் போலப் பிறர் கொடுக்கும் பொருளைக் கடைந்து கொடுத்துக் கூலி வாங்கும் குறுந்தொழில்முனைவோருக்கு அந்தப் பலன் வந்து சேரும் வழி இரண்டு இடங்களில் அடைபட்டிருக்கிறது: ஒன்று உயராத கூலி, மற்றொன்று நேரத்துக்கு வராத பணம். இந்த இரண்டும் சரியாகும்வரை புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். டர்னரின் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

வங்கி மேலாளர் சொன்ன எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 8.2 சதவீதம் வளர்ந்ததாக நவம்பர் இறுதியில் அரசு அறிவித்தது. தமிழ்நாட்டின் உற்பத்தி 2024-25-ஆம் ஆண்டில் 11.19 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இவை மதிக்கத்தக்க எண்கள். ஆனால் 8.2 சதவீதம் என்பது விலை உயர்வைக் கழித்த பிறகு கிடைக்கும் அளவு. அதே காலாண்டில் ரூபாய்க் கணக்கிலான வளர்ச்சி 8.7 சதவீதம்தான், விலைகள் மிகக் குறைவாக உயர்ந்ததால்தான் இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன. நீங்கள் பில் போடுவதும் தவணை கட்டுவதும் ரூபாயில் என்பதால், உங்கள் பட்டறையை ஒப்பிட வேண்டிய எண் இந்த 8.7 தான். 2019-இலிருந்து அசையாத கூலியுடன் அதை வைத்துப் பார்த்தால், நாட்டின் வருமானம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருக்க, ஒரு துண்டுக்கு நீங்கள் பெறும் ரூபாய் நின்ற இடத்திலேயே நிற்பது தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலாண்டுக் கணக்கில் தொழில் உற்பத்தியை மதிப்பிடும்போது, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் நிதி முடிவுகளும் தொழில் உற்பத்திக் குறியீடும் முக்கிய அடிப்படையாகின்றன. கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சியிலும் இயங்கும் ஐந்து பேர் பட்டறைகளை ஒவ்வொரு மூன்று மாதமும் எவரும் நேரில் வந்து அளப்பதில்லை. பெரிய நிறுவனம் வளர்ந்தால் சிறியதும் அதற்கேற்ப வளர்ந்திருக்கும் என்ற அனுமானம் அந்தக் கணக்கில் ஓரளவு கலந்திருக்கிறது. பம்பு நிறுவனம் தன் ஜாப் ஆர்டர் கூலியை உயர்த்தாமல் வைத்து லாபத்தைப் பெருக்கிக்கொண்டால், அந்த லாபம் வளர்ச்சியாகப் பதிவாகும். அதற்கு ஈடாக உங்கள் பட்டறையில் ஏற்பட்ட குறைவு அதே வேகத்தில் பதிவாகாது. புள்ளிவிவரத் துறையினர் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து ஒரு குறுந்தொழில்முனைவோரிடம் 18 லட்சம் கடன் வாங்கச் சொல்வது தவறு என்று உறுதியாகக் கருதுகிறேன்.

குறுந்தொழில்களை நேரடியாகப் போய் அளக்கும் ஆய்வு ஒன்று உண்டு. நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவாகாத, விவசாயம் சாராத தொழில்களைப் பற்றி மத்தியப் புள்ளியியல் துறை நடத்தும் ஆண்டு ஆய்வு அது. 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான அதன் முடிவுகளின்படி, இத்தகைய தொழில்களின் எண்ணிக்கை 7.34 கோடியாகவும் அவற்றில் உழைப்போர் எண்ணிக்கை 12.06 கோடியாகவும் உயர்ந்திருக்கின்றன. கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்ட சராசரி ஊதியம் முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் கூடி, ஆண்டுக்கு 1,41,071 ரூபாயாகியிருக்கிறது. ஆனால் அதே ஓராண்டில், உழைக்கும் ஒருவர் உருவாக்கிய மதிப்பு 6 சதவீதத்துக்கும் குறைவாகவே உயர்ந்திருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் நெருக்கடி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆள் கிடைக்காததால் சம்பளத்தை உயர்த்தித்தான் ஆகவேண்டும்; உயர்த்திய சம்பளத்தை வாங்குபவரிடமிருந்து வசூலிக்க முடியாது; இடையில் இருக்கும் உரிமையாளர் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறார்.

தொழிலாளர் நிலைமை இதைவிடக் கலவையானது. வேலைவாய்ப்பு குறித்த தொழிலாளர் ஆய்வின்படி, 2017-18-இல் 6 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24-இல் 3.2 சதவீதமாகக் குறைந்தது. இந்த எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதே ஆறு ஆண்டுகளில் மாதச் சம்பள வேலையில் இருப்போரின் பங்கு 22.8 சதவீதத்திலிருந்து 21.7 சதவீதமாகக் குறைந்தது. சுயதொழிலில் இருப்போரின் பங்கு 52.2-இலிருந்து 58.4 சதவீதமாக உயர்ந்தது. அந்த உயர்விலும் மிகப் பெரும் பகுதி, குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவி செய்பவர்கள் கூடியதால் ஏற்பட்டது. அவர்களின் பங்கு 13.6 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதமாயிற்று. கணவரின் மளிகைக் கடையில் நாள் முழுவதும் நிற்கும் மனைவியும், தந்தையின் பட்டறையில் சம்பளமின்றி இயந்திரம் ஓட்டும் மகனும் வேலையில் இருப்பவர்களாகவே கணக்கில் வருவார்கள். அவர்கள் உழைப்பது உண்மை. ஆனால் பொருளாதாரம் அவர்களுக்கு நல்ல வேலை கொடுத்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

வருமானத்திலும் இதே பிளவு தெரிகிறது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2017-18-க்கும் 2023-24-க்கும் இடையில் அன்றாடக் கூலி பெறும் ஆண்களின் வருமானம் சுமார் 19 சதவீதம் உயர்ந்திருக்க, மாதச் சம்பளம் பெறும் ஆண்களின் வருமானம் சுமார் 6 சதவீதமும் சுயதொழில் செய்யும் ஆண்களின் வருமானம் சுமார் 9 சதவீதமும் குறைந்திருக்கின்றன. மிகத் தாழ்ந்த இடத்திலிருந்த கூலி உயர்ந்தது நல்ல செய்தி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2025 அக்டோபரில் சில்லறை விலைவாசி உயர்வு 0.25 சதவீதத்துக்கு இறங்கியதும், காய்கறி, பருப்பு விலைகள் முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததும் கூலிக் குடும்பங்களுக்கு உண்மையான ஆறுதல். ஆனால் உங்கள் டர்னர் மாதச் சம்பளக்காரர். அவர் கொடுக்கும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தக்காளி விலையுடன் சேர்ந்து இறங்குவதில்லை.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். 2019-இல் பேசிய கூலியில் இன்றும் வேலை செய்கிறீர்கள். இடையில் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. இணைப்புத் திறனுக்கான நிலைக் கட்டணமும், காலை மாலை உச்ச நேரங்களுக்கான கூடுதல் கட்டணமும் குறுந்தொழில்களைக் கடுமையாகப் பாதித்தன. அதன் பிறகும் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜூலையில் கட்டணம் கூடியது. இன்சர்ட், கூலண்ட், ஆயில் என எல்லாவற்றின் விலையும் நீங்களே அனுப்பிய பில்களில் ஏறியிருக்கிறது. அமெரிக்கா 2025 ஜூன் முதல் இரும்பு, அலுமினியப் பொருட்களுக்கு விதித்த 50 சதவீத வரியால் ஏற்றுமதியை நம்பியிருந்த வார்ப்படத் தொழிலும் தளர்ந்தது. அந்த வேலையை இழந்த பட்டறைகள் உங்கள் வாடிக்கையாளரின் வாசலுக்கு வந்து குறைந்த கூலிக்குக் கேட்கின்றன. உங்களால் விலை பேச முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றின் மேல் ஜி.எஸ்.டி. மாற்றம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் குறைக்கப்பட்டு நுகர்வோர் பலரும் பயன்பெற்றார்கள். ஆனால் பொறியியல் ஜாப் ஆர்டர்கள் அடங்கும் பொதுப் பிரிவுக்கு, 2019 அக்டோபர் முதல் 12 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாகிவிட்டது. வாங்கும் நிறுவனம் தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும் என்பதால் யாருக்கும் நட்டமில்லை என்று விளக்கம் சொல்லப்படுகிறது. காகிதத்தில் அது சரிதான். உங்கள் கையிருப்பில் நடப்பது வேறு. மாதம் இரண்டரை லட்சம் பில்லுக்கு முன்பு 30,000 ரூபாய் வரி; இப்போது 45,000. கூலிக்கும் மின்சாரத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லாததால் நீங்கள் கழித்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரி மிகச் சொற்பம். ஆகவே ஏறக்குறைய முழுத் தொகையையும் அடுத்த மாதமே அரசுக்குக் கட்டுகிறீர்கள். பம்பு நிறுவனத்திடமிருந்து அது உங்களுக்குத் திரும்புவதோ நான்காவது மாதத்தில். பில்லுக்குப் பணம் கொடுக்காமலேயே அந்த நிறுவனம் 180 நாள்வரை அந்த வரியைத் தன் கணக்கில் பயன்படுத்திக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து பேர் பட்டறை ஓவர்டிராஃப்ட் எடுத்துக் கட்டிய வரி, பல கோடி ரூபாய் நிறுவனத்தின் கையிருப்பாகிறது. இது அநியாயம். ஜாப் ஆர்டர் வரியை 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்ற குறுந்தொழில்முனைவோரின் கோரிக்கையை ஜி.எஸ்.டி. கவுன்சில் ஏற்க வேண்டும். அல்லது, பணம் கைக்கு வந்த மாதத்தில் வரி கட்டினால் போதும் என்றாவது குறு நிறுவனங்களுக்கு விதி செய்ய வேண்டும்.

இப்போது முக்கியமான கணக்கு. வரியும் சேர்த்து உங்கள் மாதப் பில் 2,95,000 ரூபாய். எல்லா வாடிக்கையாளரும் 120 நாளில் தருவதாகக் கொண்டால், நான்கு மாத நிலுவை 11,80,000. அதே பணம் 45 நாளில் வந்தால் நிலுவை 4,42,500 மட்டுமே. வித்தியாசம் 7,37,500 ரூபாய். எந்தப் புதிய ஆர்டரும், எந்தப் புதிய இயந்திரமும் இல்லாமல், உங்களுக்குச் சொந்தமான இந்தத் தொகை இன்று உங்கள் வாடிக்கையாளர்களிடம் வட்டியில்லாக் கடனாக நிற்கிறது. அது கைக்கு வந்தால் நிதி நிறுவனத்தின் 6 லட்சத்தை முழுவதும் அடைத்துவிடலாம். 19 சதவீதத்தில் அந்த நிலுவைக்கு ஓராண்டு வட்டி 1,14,000 ரூபாய்.

இத்துடன் ரிசர்வ் வங்கியின் வட்டிக் குறைப்பை ஒப்பிடுங்கள். ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம், 2025 பிப்ரவரிக்கு முன் இருந்த 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து 2025 டிசம்பரில் 5.25 ஆனது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 2019 அக்டோபர் முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மாற்றியமைக்கப்பட வேண்டும். உங்கள் ஓவர்டிராஃப்ட் அப்படி இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் மாற்றக் கோருங்கள். முழுப் பலன் கிடைத்தாலும் 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12,500 ரூபாய்தான் மிச்சமாகும். அதையும் விடக்கூடாது. ஆனால் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வரும் வட்டிக் குறைப்பைவிட, எந்தச் செய்தியிலும் வராத 75 நாள் தாமதம் உங்களுக்கு ஒன்பது மடங்கு பெரிய விஷயம். நிதி நிறுவனக் கடனுக்கு அந்த இணைப்பு விதி பொருந்தாது என்பதால், 19 சதவீதம் தானாகக் குறையும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

புதிய சி.என்.சி. பற்றி. 18 லட்சத்தை ஐந்தாண்டுத் தவணையில் 10.5 சதவீத வட்டிக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 38,700 ரூபாய். நீங்கள் இப்போது மணிக்கு 300 ரூபாய்க்கு ஓட்டுகிறீர்கள். ஆபரேட்டர் கூலி, மின்சாரம், டூல், கூலண்ட் போக 130 ரூபாய் மிஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். தவணைக்கு மட்டுமே மாதம் 298 மணி நேரம், அதாவது 25 நாளும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்த இயந்திரம் ஓட வேண்டும். உங்கள் கணக்கின்படி இருக்கின்ற சி.என்.சி.யே நாளொன்றுக்கு ஏழு மணி நேரம்தான் ஓடுகிறது. இரண்டாவது இயந்திரத்துக்கு இடமில்லை என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் இயந்திரம் தொடர்ந்து ஆறு மாதம் இரண்டு ஷிப்டு ஓடி, அதற்கு மேலும் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வந்தால் கடனைப் பற்றிப் பேசுங்கள். அப்போது முதலில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், குறு உற்பத்தி நிறுவனங்களுக்கான மூலதன மானியத்துக்கு உங்கள் இயந்திரம் தகுதி பெறுமா என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகே வங்கிக்குப் போங்கள். சொத்து அடமானமின்றி, சிறு தொழில் கடன் உத்தரவாத நிதியின் பாதுகாப்பில் கடன் தரும்படியும் கேட்கலாம். வீட்டுப் பத்திரத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டர்னரைப் பொறுத்தவரை தயங்க வேண்டாம். மாதம் 3,000 என்பது ஆண்டுக்கு 36,000 ரூபாய். நிதி நிறுவனத்துக்கு நீங்கள் கட்டும் வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள டர்னர் வெளியேறினால், இன்றைய கோவையில் அதே கைத்திறனுள்ள ஒருவரை 19,000-க்குப் பிடிப்பது மிகக் கடினம். புதியவர் பழகும் வரை ரிஜெக்சனில் போகும் துண்டுகளின் மதிப்பே இந்த உயர்வைத் தாண்டிவிடும். இப்போதே முழுத் தொகையைக் கொடுக்க முடியாவிட்டால், ஜனவரியில் 1,500, ஏப்ரலில் 1,500 என்று தேதி சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்து பேர் மட்டுமே இருப்பதால் இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதி ஆகியவை உங்களுக்குக் கட்டாயமாக இருக்காது. ஆகவே ஐந்து பேருக்கும் குறைந்தபட்சம் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் நீங்களே பணம் கட்டுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான், இரண்டு லட்சம் வரை காப்பு. சக் சுழலும் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு இதுகூட இல்லாமல் இருப்பது சரியன்று.

இனிச் செய்ய வேண்டிய முதல் வேலை, பம்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் உங்களுக்குப் பணம் வர வேண்டும். ஆர்டர் தாளில் 90 நாள், 120 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45 நாளுக்கு மேற்பட்டது செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக, தர வேண்டும். 2025 டிசம்பரில் வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்பதால் அது 16.5 சதவீதமாகியது. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை 2021-இலேயே செய்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய எந்தப் பில்லிலும் அந்தப் பதிவு எண் இல்லை. நாளைக்கே பில் புத்தகத்தை மாற்றுங்கள். பதிவுச் சான்றின் நகலை அவர்களின் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்தால், வாங்கிய நிறுவனம் அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். உங்கள் பம்பு நிறுவனத்தின் மார்ச் 31 கணக்கில், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி ஆகிய இரண்டரை மாதப் பில்கள் கெடு தாண்டியிருக்கும். வரி நீங்கலாக ஐந்து லட்சம் ரூபாய். 25.17 சதவீத வரி கட்டும் கம்பெனியாக இருந்தால், உங்கள் ஒருவரின் பாக்கியால் மட்டும் அந்த ஆண்டு ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் ரூபாய் கூடுதல் வரி. உங்களைப் போல ஐம்பது ஜாப் ஆர்டர்காரர்கள் இருக்கும் நிறுவனத்தின் நிதி அலுவலர் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொள்வார். எனவே கடிதத்தை உரிமையாளரிடம் மட்டும் கொடுக்காமல் நிதி அலுவலருக்கும் நகல் கொடுங்கள். மார்ச்சில் கொடுத்தால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பாக்கியைத் தீர்த்துவிட்டு ஏப்ரலில் பழையபடி தொடங்கிவிடுவார்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே கொடுத்தால் மாதாந்திர ஏற்பாட்டைப் பேச நேரம் இருக்கும்.

கடிதத்தில் மிரட்டும் தொனி வேண்டாம். இரண்டு கோரிக்கைகள் போதும். முதலாவது, 45 நாளில் பணம். அது முடியாதென்றால், பில்லை வைத்து வங்கிகள் முன்பணம் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் உங்கள் பில்லை ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகள் அந்தத் தளத்தில் 2025 மார்ச்சுக்குள் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அரசின் உத்தரவு. அவர்கள் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் போட்டி போட்டு வட்டி கேட்டு உங்களுக்கு முன்பணம் தரும். பிறகு பம்பு நிறுவனம் கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள். வட்டியும் உங்கள் பெயரில் இல்லாமல் பெரிய நிறுவனத்தின் நாணயத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுவதால் 19 சதவீதத்தைவிட வெகுவாகக் குறையும். இரண்டாவது கோரிக்கை, கூலி உயர்வு. 2019-இல் ஒரு இயந்திர மணிக்கு ஆன மின்சாரம், டூல், சம்பளம் ஆகியவற்றையும் இன்றைய செலவையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதி இணையுங்கள். கூட்டித் தாருங்கள் என்று வெறுமனே கேட்பதைவிட, ஆண்டுதோறும் ஏப்ரலில் மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் வைத்துக் கூலியை மறுபரிசீலனை செய்யும் ஒரு வரியை ஆர்டர் தாளில் சேர்க்கும்படி கேட்பது நீடித்த பலன் தரும்.

தாமதமான பாக்கி பற்றிய புகார்களை விசாரிக்கும் குறு, சிறு தொழில் நிறுவனங்கள் வசதியாக்க மன்றத்தில் புகார் செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கோவையிலேயே அது இயங்குகிறது, இணையம் வழியாகவும் மனுச் செய்யலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முன்னதாகக் கட்ட வேண்டும் என்ற அளவுக்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இருந்தாலும், மாத வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு தரும் வாடிக்கையாளர் மீது இன்று நீங்கள் புகார் செய்தால் நாளை வேலை நின்றுவிடும். இந்தச் சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும் குறைவாகவே பயன்படுத்தப்படுவதற்குக் காரணம் இந்த அச்சம்தான். அச்சப்படுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்று சில நிறுவனங்கள் ஜாப் ஆர்டர்காரர்களைக் கேட்டதும் உண்டு. உங்களிடம் அப்படிக் கேட்டால் எந்தச் சூழ்நிலையிலும் சம்மதிக்காதீர்கள்.

ஆகவே கடிதம் கொடுக்கும் அதே ஜனவரியில், மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடத் தொடங்குங்கள். உங்கள் சி.என்.சி.யில் மீதமிருக்கும் நேரத்துக்கு, கூலி சற்றுக் குறைந்தாலும் முப்பது நாளில் பணம் தரும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 120 நாள் கழித்து வரும் 300 ரூபாயைவிட, முப்பது நாளில் வரும் 290 ரூபாய் உங்கள் நிலையில் மேலானது. பம்பு நிறுவனத்தின் பங்கு மொத்த பில்லில் பாதிக்குக் கீழே வரும்வரை இந்தத் தேடலை நிறுத்த வேண்டாம். அவர்கள் ஜூன் வரையிலும் கெடுவையும் மாற்றாமல் கூலியையும் உயர்த்தாமல் இருந்தால், பழைய பாக்கிப் பில்கள் அனைத்தையும், கையொப்பம் பெற்ற டெலிவரி சலான்களையும் எடுத்துக்கொண்டு ஒரு தணிக்கையாளரைப் பாருங்கள். அந்த நேரத்தில் மன்றத்துக்குப் போவதா, வேலையை அங்கிருந்து மெதுவாகக் குறைப்பதா என்பதை உங்கள் புதிய ஆர்டர்களின் அளவை வைத்து முடிவு செய்யலாம்.